பெயரில்லாத பட்டன்கள்

மே 4

முன்னறை டியூப்லைட் மங்கிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி வந்து, நானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன். கலாமணி கீழே நின்று ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இருந்ததே நல்லாத்தானுங்க எரிஞ்சுட்டிருந்துச்சு" என்றாள்.

புதியதும் மங்கலாகத்தான் எரிகிறது. இப்போது வருகிற சரக்கெல்லாம் இப்படித்தான்.

மாதேசும் செல்லப்பனும் சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இந்தூருக்குக் கிளம்பிவிட்டார்கள். மாதேஸ் வண்டியை எடுத்தால் எனக்குக் கவலை இல்லை. நான் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி முதலாளி ஆன நாளிலிருந்து என்னோடு இருக்கிறவன். இன்னொரு வண்டி பரமத்தி ரோட்டுப் பட்டறையில் பாடி வேலைக்கு நிற்கிறது.

பி.காம். படித்துவிட்டு லாரி ஓட்டப் போனவன் நான். படித்தவன் என்பதற்கு மிச்சமிருந்த அடையாளம் இந்த டைரி ஒன்றுதான். ஓட்டுகிற காலத்தில் ஸ்டியரிங் மேல் வைத்தே எழுதுவேன். இப்போது தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறேன். பால்பாயிண்ட் பேனாவில் மை சரியாக இறங்குவதில்லை.

மே 9

பட்டறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மாடிப்படி ஓரமெல்லாம் வெள்ளை பெயிண்ட். கலாமணி ஒற்றை ஆளாக அடித்திருக்கிறாள்.

"எதுக்கு கலா இது? பொங்கலுக்கு இன்னும் எவ்வளவோ நாள் கெடக்குது."

"சும்மா, அழகா இருக்குமுன்னுதானுங்க."

காபியும் இப்போதெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் வருவதில்லை. சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர். வயதாக ஆகப் பெண்களுக்கு எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கத் தோன்றும் போல.

மே 12

இன்று ஒரு சின்னத் தவறு. செல்லப்பனுக்கு டீசல் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. பேங்க் ஆப்பில் செல்லப்பன் பெயருக்குக் கீழேயே செல்லமுத்து பெயர். செல்லமுத்து நமக்கு லாரி ஸ்பிரிங் பட்டை கட்டுகிற மெக்கானிக். பணம் அவருக்குப் போய்விட்டது.

அவரே கூப்பிட்டார். "ஏனுங்க நாச்சிமுத்தண்ணா, என்ர கணக்குக்குப் பணம் வந்திருக்குதுங்க. என்ன வகையிலன்னு தெரியிலீங்களே?"

தப்பாக வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். "அட்வான்ஸா வெச்சுக்கங்க, அடுத்த மாசம் பட்டை வேலை இருக்குது" என்று சொல்லிவிட்டேன்.

செல்லப்பன் மகாராஷ்டிராவில் ஏதோ ஒரு பங்க்கில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மத்தியானம் முழுக்கக் காத்திருந்தான். நெட்வொர்க் இல்லை என்று அவனிடம் சொன்னேன். கலாமணி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மே 13

எழுத ஒன்றுமில்லை.

மே 20

டயர் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். சர்க்கரை முற்றி விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறதாம். டாக்டர் பொறுமையானவர். படம் போட்டுக் காட்டினார். அந்தப் படமும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். அதை மடித்து வைக்கிற சத்தம் கேட்டது.

அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை இங்கே எழுதப் போவதில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் அதிகம். "டயர் வெல எப்படீங்க?" என்று கலாமணி கேட்டாள். ஏறிவிட்டது என்றேன்.

மே 28

செல்லப்பன் மறுபடி பணம் கேட்டான். ஆப்பைத் திறந்து எவ்வளவு நேரம் முகத்துக்கு நேரே பிடித்தும் எதுவும் பிடிபடவில்லை. டயர் கடை துரைசாமியிடம் போனேன். பழைய சிநேகிதர்.

"கண்ணாடி ஒடஞ்சு போச்சு. இதுல செல்லப்பனுக்குப் பணம் அனுப்பி உடுங்க" என்று போனைக் கொடுத்தேன்.

அவர் ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு, "ரகசிய நம்பர் சொல்லுங்க" என்றார்.

கடைக்குள் நாலைந்து பேர் இருந்தார்கள். காற்றடிக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க நாச்சிமுத்து, மோட்டார் ஓடுதுல்ல" என்றார். சத்தமாகச் சொன்னேன். சொல்லி முடிக்கிற நேரத்தில் மோட்டார் நின்றது. எல்லார் காதிலும் விழுந்தது. நட்டநடுக் கடையில் வேட்டி அவிழ்ந்து விழுந்த மாதிரி இருந்தது. அவர்கள் நல்லவர்கள்தான். ஒருத்தரும் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

நம்பரை மாற்றியாக வேண்டும்.

ஜூன் 3

பேங்குக்குப் போனேன். நம்பர் மாற்றுகிற வேலைக்குப் புது டெபுடி மேனேஜரைப் பார்க்கச் சொன்னார்கள். ரெஹானா என்று பெயர். வாணியம்பாடிப் பக்கமாம், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மேசைக்குப் பின்னால் பச்சையாக ஒரு புடவை தெரிந்தது.

"வாங்க சார். நாற்காலி உங்க வலது கைப்பக்கம் இருக்கு, உக்காருங்க."

உட்கார்ந்தேன். "ரகசிய நம்பர் மாத்தோணுமுங்க."

"ஆப்லயே மாத்தலாமே சார்."

"இன்னிக்குக் கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டனுங்க. நீங்களே பாத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா..." போனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் கை அந்தரத்திலேயே இருந்தது.

"நானும் கண்ணாடி எடுத்துட்டு வரல சார்" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. "பொறக்கும்போதே மறந்துட்டு வந்துட்டேன்."

எனக்குப் புரியச் சற்று நேரமானது. நீட்டிய கையை மேசையில் வைத்தேன். அங்கே மடித்து வைத்த கோல் ஒன்று தட்டுப்பட்டது.

"உங்களுக்கு எவ்வளவு நாளா சார்?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. கண்ணாடி நம்பர் கொஞ்சம் கூடியிருக்குது, அவ்வளவுதான்."

"சரி சார்" என்றார். அந்தச் சரியில் கேலியும் இல்லை, பரிதாபமும் இல்லை. போனை வாங்கி அதன் பக்கவாட்டுப் பொத்தான்களை என்னவோ அழுத்தினார். போன் பேச ஆரம்பித்தது. விரல் எங்கே படுகிறதோ அங்கே இருப்பதைப் படித்துச் சொல்கிறது. மணி, தேதி, யார் கூப்பிட்டார்கள், எல்லாம் தமிழில். ஒரு தடவை தொட்டால் பெயர் சொல்லும், இரண்டு தடவை தட்டினால் திறக்கும். இந்த வசதி எல்லா போனிலும் முதலிலிருந்தே இருக்கிறதாம். எனக்குத் தெரியாது.

"நம்ம பேங்க் ஆப்பைத் தொறங்க சார்" என்றார். திறந்தேன். விரலை நகர்த்தினேன்.

"பட்டன். பெயரில்லை" என்றது போன். இன்னும் நகர்த்தினேன். "பட்டன். பெயரில்லை. பட்டன். பெயரில்லை."

"இது என்னங்க இப்படிச் சொல்லுது?"

"கண்ணு தெரியறவங்களுக்கு அங்க ஒரு படம் இருக்கும் சார். படத்தைப் பாத்து அமுக்கிடுவாங்க. அந்தப் படத்துக்கு உள்ளுக்குள்ள ஒரு பேர் எழுதி வச்சாத்தான் போன் படிக்கும். எழுத மறந்துட்டாங்க. போன டிசம்பர்ல புது ஆப் வந்ததுல இருந்து இப்படித்தான். பழசுல நானே கரண்ட் பில் கட்டிட்டிருந்தேன். இப்ப என் சம்பளம் வந்துச்சான்னு பாக்க என் தங்கச்சியக் கூப்பிட வேண்டியிருக்கு. நான் இந்த பேங்க் ஆபீசர் சார்!"

பக்கத்து மேசையில் யாரோ நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நான் மாசாமாசம் எழுதிட்டிருக்கேன். ஸ்டாஃப் எழுதினா அது உள்ளயே சுத்திட்டு இருக்கும். கஸ்டமர் புகார் குடுத்தா பதில் சொல்லியே ஆகணும். நீங்க ஒண்ணு குடுங்களேன் சார்."

"என்னன்னு குடுக்கறதுங்க?"

"பார்வை இல்லாத வாடிக்கையாளர், ஆப் படிக்க மாட்டேங்குதுன்னு."

எழுந்துவிட்டேன். "நீங்க தப்பா நெனச்சுட்டீங்கம்மா. நான் அப்படி ஆளில்லை" என்றேன். அவர் மறுபடியும், "சரி சார்" என்றார். வேறு ஒருவரைக் கூப்பிட்டு நம்பரை மட்டும் மாற்றிக் கொடுக்கச் சொன்னார்.

வெளியே வரும்போது கண்ணாடிக் கதவு. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நெற்றி கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

ஜூன் 4

நெற்றியில் என்ன என்று கலாமணி கேட்டாள். வண்டிக் கதவு என்றேன்.

ஜூன் 7

பட்டறையில் நிற்கிற வண்டியின் கேபினில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பேசவிட்டுப் பார்த்தேன். வீட்டில் வைத்துச் செய்தால் கலாமணிக்குக் கேட்கும். முதலில் அது பேசுகிற வேகத்துக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. மத்தியானத்துக்குள் மாதேசைக் கூப்பிடவும், வந்த செய்திகளைக் கேட்கவும் பழகிவிட்டேன். பழைய செய்திகளையெல்லாம் உட்கார்ந்து கேட்டேன். கோவையில் இருக்கிற மகள் இரண்டு மாதமாக அனுப்பியதெல்லாம் இருந்தன. "அப்பா, ஏன் பதிலே போட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

பேங்க் ஆப் மட்டும் அதே பாட்டு. பட்டன், பெயரில்லை.

ஜூன் 11

காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் இருந்த போன் தானாகவே சத்தமாகப் படித்தது: "கண் மருத்துவமனை நினைவூட்டல். நாச்சிமுத்து. நாளை காலை. இடது கண் ஊசி. துணைக்கு ஒருவர் வரவும்."

சத்தத்தைக் குறைப்பது எப்படி என்று அந்த நேரத்தில் மறந்துவிட்டது. அது இரண்டாவது தடவையும் படித்து முடித்தது.

கலாமணி இன்னொரு இட்லி வைத்தாள். "நானும் வர்றனுங்க" என்றாள்.

"எங்க?"

"ஊசிக்கு."

அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"படிக்கு எதுக்குங்க பெயிண்ட் அடிச்சேன்? செவப்பு டம்ளர் எதுக்கு வாங்கினேன்? எவர்சில்வர் டம்ளர் வெச்ச எடம் தெரியாம நீங்க துளாவிட்டிருந்தத நான் எத்தன நாளுங்க பாக்கறது? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க டியூப்லைட்டத்தான் குத்தம் சொல்லிட்டிருந்தீங்க."

"உனக்குப் பயமா இருக்குமேன்னுதான் கலா..."

"எனக்குப் பயமெல்லாம் நீங்க தனியா பஸ் ஏறிப் போயிட்டு வந்தீங்களே, அன்னிக்குத்தானுங்க."

வைத்த இட்லியைச் சாப்பிட்டு முடித்தேன். சட்னியில் காரம் அதிகம்.

ஜூன் 13

ஊசி போட்டாயிற்று. இடது கண்ணில் இருக்கிற கொஞ்சத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தெரியும். படிக்க முடியாது. வலது கண் போனது போனதுதான்.

எழுதிவிட்டேன். எழுதவில்லை, பேசினேன். இனிமேல் இந்த டைரியைப் போனில் பேசித்தான் எழுத வேண்டும். கலாமணி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்கட்டும்.

ஜூன் 15

கலாமணியின் தம்பி வந்திருந்தான். வண்டி புரோக்கர் அங்கமுத்துவையும் கூட்டி வந்திருந்தான். இரண்டு வண்டிக்கும் நல்ல விலைக்கு ஆள் இருக்கிறதாம்.

"மாமா, இனி உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்? வித்து பேங்க்ல போட்டீங்கன்னா மாசாமாசம் வட்டி வந்துட்டுப் போகுது" என்றான். அக்கறையில்தான் சொல்கிறான்.

"வட்டி வந்துச்சான்னு பாக்க யாரைக் கூப்பிடறது?" என்று கேட்டேன்.

ஆனால் அவன் சொல்வதும் நியாயம்தான். டிரைவருக்கு நேரத்துக்குப் பணம் அனுப்ப முடியாதவன் வண்டி வைத்திருக்கக் கூடாது. ஆனி பிறந்துவிட்டது, அடுத்தது ஆடி. ஆடியில் விற்பனை வேண்டாம், ஆவணியில் முடிவு சொல்கிறேன் என்று அங்கமுத்துவிடம் சொல்லி அனுப்பினேன். மாதேசை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்ற யோசனையாகவே இருக்கிறது.

ஜூன் 17

கலாமணியோடு பேங்குக்குப் போனேன். ரெஹானா என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"அன்னிக்குக் கதவுல இடிச்சீங்களா சார்? சத்தம் கேட்டுச்சு."

"இடிச்சனுங்க" என்றேன். "புகார் குடுக்க வந்திருக்கறனுங்க. நானே சொல்றேன், நீங்க அடிச்சுக்கங்க."

சொல்ல உட்கார்ந்தபோது வாய் வரவில்லை. கலாமணி என் முழங்கையில் கை வைத்தாள். பிறகு சொன்னேன்: நான் இரண்டு லாரி வைத்திருக்கிறேன். எனக்குப் பார்வை போய்விட்டது. என் டிரைவர்களுக்கு என் பணத்தை நானே அனுப்ப வேண்டும். உங்கள் ஆப்பில் இருக்கிற பட்டன்களுக்குப் பெயர் வையுங்கள்.

"கொஞ்சம் விரிவா எழுதட்டுமா சார்?" என்று கேட்டார் ரெஹானா.

"வேண்டாமுங்க. இவ்வளவுதான் விஷயம்."

ஜூலை 2

பதில் வந்திருக்கிறது. போனே படித்தது. எனக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டுமாம்.

ரெஹானா கேட்க அதைப் படிக்கவிட்டேன். சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "விடக் கூடாது சார்" என்றார். அவருக்குத் தெரிந்த பார்வையில்லாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்களாம். திண்டுக்கல்லில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், கடலூரில் ஒரு வக்கீல் அம்மா, இப்படி. எல்லாரையும் ஒரே வாரத்தில் புகார் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நானும் மறுபடி கொடுத்தேன். இந்தத் தடவை வாய் தானாக வந்தது.

ஜூலை 9

பேங்க் தலைமை அலுவலகத்தில் ஆப் செய்கிற இடத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பிரணவ் என்று பெயர் சொன்னார்.

"எந்த பட்டன்ல சார் பிரச்சினை?"

"பேர் இருந்தாத்தானுங்களே எதுன்னு சொல்ல முடியும்?"

அவருக்கு விளங்கவில்லை. கலாமணியின் போனை வாங்கி அதில் அவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி, என் போனை அதன் பக்கத்தில் வைத்தேன். "இப்ப கேட்டுக்கங்க" என்று சொல்லி ஆப்பைத் திறந்து விரலை மெதுவாக மேலிருந்து கீழே இழுத்தேன். பட்டன், பெயரில்லை. பட்டன், பெயரில்லை. பட்டன், பெயரில்லை. கடைசி வரைக்கும் அதேதான்.

"நான் இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்ல சார்" என்றார். "நாங்க யாரும் கேட்டதில்ல."

"இப்பக் கேட்டுட்டீங்கல்லங்க. செஞ்சு குடுங்க."

"செய்யறேன் சார்." அந்த மனிதர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

ஜூலை 22

சோதனைக்கு ஒரு புது ஆப், புகார் கொடுத்த எங்களுக்கு மட்டும் அனுப்பினார்கள். திறந்தேன். "பணம் அனுப்பு, பட்டன்" என்றது. அவ்வளவுதான் சொன்னது. நான் கலாமணியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அவள் என்னவோ ஏதோ என்று மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

பெயர்களையும் படிக்கிறது. செல்லப்பன். செல்லமுத்து. இரண்டும் தனித்தனியாக, தெளிவாக.

ஆனால் ரகசிய நம்பர் போடுகிற இடத்தில் ஊமையாகிவிடுகிறது. ரெஹானாவும் அதையேதான் சொன்னார். பிரணவிடம் சொன்னோம். வெளியே சத்தமாகப் படித்தால் அடுத்தவர் காதில் விழுமே என்று நிறுத்தி வைத்தார்களாம். இயர்போன் மாட்டினால் மட்டும் படிக்கிற மாதிரி செய்யுங்கள் என்றோம். டயர் கடையில் நடந்ததையும் அவரிடம் சொன்னேன்.

ஜூலை 30

புது ஆப் எல்லாருக்கும் வந்துவிட்டது. இயர்போன் மாட்டிக்கொண்டு கலாமணியின் கணக்குக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினேன். நம்பர் ஒவ்வொன்றும் என் காதுக்குள் மட்டும் கேட்டது. சமையலறையில் அவள் போன் ஒலித்தது.

"ஏனுங்க, எனக்கு எதுக்குங்க பணம்?"

"சும்மாதான். பூ வாங்கிக்க."

"பூ வாங்க இத்தனையாங்க?" என்றாள். திருப்பித் தரவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. கலாமணி பக்கத்து வீட்டுக்காரர்களோடு மோகனூர் காவிரிக்குப் போயிருந்தாள். கூட்டத்தில் என்னால் ஆகாது, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தெருவே ஆற்றுக்குப் போய்விட்டது. கடைகளெல்லாம் சாத்திக் கிடந்தன.

மத்தியானம் செல்லப்பன் கூப்பிட்டான்.

"அண்ணா, மாதேசண்ணனுக்கு நேத்திலிருந்து வயித்து வலி. இப்ப துடிக்கிறாப்ல. மகாராஷ்டிராவுல அமராவதி தாண்டி ஒரு ஆஸ்பத்திரில சேத்திருக்கறன். குடல்வால் வெடிச்சிருச்சாமா. ஒடனே அறுக்கோணுங்கறாங்க. முன்பணம் கட்டச் சொல்றாங்கணா. எங்கிட்ட டீசலுக்கு வெச்சிருந்ததுதான் இருக்குது."

"நீ கவுண்டர்லயே நில்லு. நான் அனுப்பறேன்."

முதலில் துரைசாமியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை, அவரும் ஆற்றில் இருப்பார். கலாமணி வந்து சேர நேரமாகும். அவள் வந்தாலும் இந்த வேலையை நான்தான் செய்ய வேண்டும் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. இத்தனை பாடுபட்டது எதற்கு?

இயர்போன் மாட்டினேன். பணம் அனுப்பு. பெயர்ப் பட்டியல். "செல்லப்பன்" என்றது. நிறுத்தி, மறுபடி தொட்டேன். "செல்லப்பன்." தொகையைப் போட்டேன், திருப்பிப் படிக்கவிட்டுக் கேட்டேன். சரியாக இருந்தது. ரகசிய நம்பர் பாதி போட்டிருப்பேன், போன் அடித்தது. செல்லப்பன்தான். எல்லாம் கலைந்துவிட்டது.

"அண்ணா, ஸ்ட்ரெச்சர்ல ஏத்திட்டாங்கணா—"

"அனுப்பிட்டிருக்கறன்டா, கூப்பிடாம இரு!" என்று கத்திவிட்டேன்.

மறுபடி முதலிலிருந்து. விரல் வியர்த்து வழுக்கியது, வேட்டியில் துடைத்துக்கொண்டேன். பணம் அனுப்பு. செல்லப்பன். தொகை. நம்பர். கடைசிப் பட்டனை இரண்டு தட்டு தட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. நாமக்கல்லில் இருக்கிற எல்லா லாரியும் ஒரே நேரத்தில் நின்றுவிட்ட மாதிரி ஒரு அமைதி.

"பணம் அனுப்பப்பட்டது. பெறுநர், செல்லப்பன்."

அந்தக் குரல் எந்த உணர்ச்சியும் இல்லாமல்தான் சொன்னது. நான்தான் சோபாவில் சாய்ந்து, இயர்போனைக்கூடக் கழற்றாமல், வாய்விட்டு அழுதேன். வீட்டில் யாரும் இல்லை.

சாயங்காலம் கலாமணி வந்தபோது செல்லப்பன் மறுபடி கூப்பிட்டான். அறுத்து முடித்துவிட்டார்களாம். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். மாதேஸ் கண் விழித்து வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டானாம்.

ஆகஸ்ட் 4

நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 16

மாதேஸ் வந்துவிட்டான். செல்லப்பன் வண்டியை ஓட்ட, இவன் பின்னால் படுத்துக்கொண்டு வந்திருக்கிறான். ரயிலில் வாடா என்றால் கேட்கவில்லை. கலாமணி ரசஞ்சாதம் போட்டாள்.

"மாதேசு, எனக்குக் கண்ணு தெரியறதில்ல" என்றேன்.

"தெரியுமுங்ணா."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"மூணு மாசமா நீங்க வண்டியச் சுத்தி வந்து டயரக் காலால ஒதைச்சுப் பாக்கறீங்க. முந்தியெல்லாம் தூரத்துல நின்னே எந்த டயர்ல காத்துக் கம்மின்னு சொல்லுவீங்க." சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அனுப்புனது நீங்கதானாமா? செல்லப்பன் சொன்னான்" என்றான்.

"நான்தான்."

அவன் எழுந்து கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

ஆகஸ்ட் 19

அங்கமுத்து வந்தார். வண்டி விற்பதாக இல்லை என்று சொன்னேன். கலாமணியின் தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம். "ரோசன பண்ணித்தான் சொல்றீங்களா மாமா?" என்றான்.

அவன் அக்காதான் பதில் சொன்னாள்: "அவிய ரோசன பண்ணியாச்சு. நீ காப்பியக் குடி."

ஆகஸ்ட் 26

ரெஹானா கூப்பிட்டார். கடலூர் வக்கீல் அம்மா, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கணவருக்குத் தெரியாமல் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருக்கிறாராம். திண்டுக்கல் வாத்தியார் பென்ஷன் வந்ததை நாளைக்குப் பத்துத் தடவை கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

"நீங்க என்ன பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"என் சம்பளத்தை நான் பாத்தேன் சார். பாத்துட்டு, என் தங்கச்சிக்குப் போன் பண்ணி, இந்த மாசம் எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன் போன்னு சொன்னேன்."

இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 30

பட்டறையிலிருந்து இன்று தனியாகவே கிளம்பினேன். பரமத்தி ரோட்டில் எதிர்ப்பக்கம் போக வேண்டும். லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. முந்தி என்றால், யாருக்கோ காத்திருக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு அங்கேயே நின்றிருப்பேன். பக்கத்தில் ஒருவர் வந்து நிற்கிற செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, எனக்குக் கண்ணு தெரியாதுங்க. அந்தப் பக்கம் கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா?"

"வாங்க வாங்க, நானும் அங்கதானுங்க போறேன்" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை. கோழிப்பண்ணை வைத்திருக்கிறாராம். ரோட்டைக் கடந்து முடிக்கிற வரைக்கும் தீவன விலையைத் திட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் சேர்ந்ததும், "தாவணகெரேல மக்காச்சோளம் வாங்கிப் போட்டிருக்கறன். ஏத்திட்டு வர ஒரு வண்டி கெடைக்க மாட்டேங்குதுங்க" என்றார்.

"எங்கிட்ட ரெண்டு இருக்குதுங்க."

"அட! அப்ப நம்பர் சொல்லுங்க."

சொன்னேன். திங்கட்கிழமை வண்டி போக வேண்டும். மாதேசுக்கு இன்னும் ஓய்வு வேண்டும். செல்லப்பனிடம் சொல்லியிருக்கிறேன்; காலையில் டீசல் பணம் அனுப்பிவிடுவேன்.